பெருநகருக்குக் குடிபெயர்வு: வாடகை மிச்சமா, பயண நேரமா? எப்படிக் கணக்குப் போடுவது?

புதுத்தடம்:

வணக்கம். இன்னும் ஏழு வாரத்தில் வாடகை மிக அதிகமான ஒரு பெருநகருக்குக் குடிபெயர்கிறோம். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன், எனக்கு வேண்டியது கணக்குப் போடும் முறைதான்.

வேலைக்குப் போவது இரண்டு பேர். ஒரு ஆபீஸ் நகர மையத்தில், வாரம் 3 நாள் போனால் போதும். இன்னொன்று நகர விளிம்பில் உள்ள தொழிற்பேட்டையில். அங்கே 5 நாளும் போக வேண்டும், காலை 9 மணிக்கு வருகைப் பதிவு. 6 வயதுக் குழந்தை இருக்கிறது. சொந்த வண்டி இல்லை.

மைய வாடகையை 100 என்று வைத்துக்கொண்டால், பார்த்து வைத்திருக்கும் இடங்கள் இவை:

அ. மையம். ஒரு படுக்கையறை, வாடகை 100. மைய ஆபீஸுக்கு நடந்தே 20 நிமிடம். தொழிற்பேட்டைக்கு மேப்பில் 65.

ஆ. நடு வளையம். சிறிய இரண்டு படுக்கையறை, வாடகை 72. மைய ஆபீஸுக்கு மேப்பில் 35 (ஒரு இடத்தில் ரயில் மாற வேண்டும்), தொழிற்பேட்டைக்கு 32.

இ. புறநகர். விசாலமான இரண்டு படுக்கையறை, வாடகை 55. மைய ஆபீஸுக்கு 65. தொழிற்பேட்டைக்கு நேர் ரயில் கிடையாது, கார் வாங்கினால் 50 நிமிடம்.

இருவர் கைக்கும் வரும் சம்பளம் இதே அளவுகோலில் மாதம் 300, ஆளுக்குச் சரிபாதி. புறநகர் வாடகை கண்ணைப் பறிக்கிறது. ஆனால் மேப் காட்டும் நேரத்தை எவ்வளவு நம்பலாம்? வாடகையையும் நேரத்தையும் ஒரே தராசில் வைப்பது எப்படி?


தண்டவாளம்:

மேப் நேரத்தில் இருந்தே தொடங்குவோம், ஏனென்றால் மற்ற கணக்கெல்லாம் அதன்மேல்தான் நிற்கும்.

மேப் சொல்லும் 35 நிமிடம், சரியான ரயிலுக்குச் சரியான நொடியில் வீட்டு வாசலைத் தாண்டுகிறவருக்கு. அதில் சேராதவை: வீட்டுக் கதவிலிருந்து லிஃப்ட், தெரு வாசல் (2 நிமிடம்), நிலைய வாசலிலிருந்து பிளாட்பாரம் (ஆழமான சுரங்க நிலையம் என்றால் இதுவே 4, 5 நிமிடம்), மாறும் இடத்தில் கண்ணெதிரே போய்விட்ட ரயிலுக்கு அடுத்ததற்காகக் காத்திருப்பது, இறங்கிய பின் ஆபீஸ் லிஃப்டில் வரிசை. இவற்றைச் சேர்த்தால் ‘ஆ’வின் 35 நிமிடம் 45 ஆகும், 32 நிமிடம் 40 ஆகும். ‘அ’வின் 65 நிமிடம் 75. புறநகரின் 65ஐ 85 என்று வையுங்கள், ஏனென்றால் வெளியே போகப் போக ரயில்களுக்கு இடைவெளி கூடும். ஒரு ரயிலைத் தவறவிட்டால் கொடுக்கும் விலையும் கூடும்.

‘5 நிமிடத்துக்கு ஒரு ரயில்’ என்பதையும் பிரித்துப் பாருங்கள். பல தடங்களில் பாதி ரயில்கள் நடுவழியில் திரும்பிவிடும், அல்லது தடம் இரண்டாகக் கிளை பிரியும். தொழிற்பேட்டை வரை போவது இரண்டில் ஒன்றுதான் என்றால் உங்களுக்கு அது 10 நிமிடத்துக்கு ஒரு ரயில். கால அட்டவணையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து எண்ணினால் இது தெரிந்துவிடும். காலையில் நகரிலிருந்து வெளியே போகும் திசையில் கூட்டம் குறைவு, உட்கார இடம் கிடைக்கும். ஆனால் அந்தத் திசையில் ரயிலும் குறைவாக விட வாய்ப்புண்டு. திசையைக் குறித்துப் பாருங்கள்.

பஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம் என்று நினைத்துவிடுவோம். நெரிசலில் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வரும். இடைவெளி 2, 18, 2, 18 என்று மாறி மாறி வந்தாலும் சராசரி இடைவெளி 10தான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் அந்த 18 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து மாட்டுவார். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடம். இதனால்தான் ஒழுங்காக வரும் 12 நிமிட ரயில், ஒழுங்கில்லாத 10 நிமிட பஸ்ஸைவிட மேல்.

நேரத்தை அளக்கும் முறை: மேப்பில் ‘இப்போது கிளம்பினால்’ என்று பார்க்காமல், வந்து சேர வேண்டிய நேரத்தை 8:50 என்று கொடுத்து செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளுக்கும் பாருங்கள். கார் பாதைக்கு ‘40 முதல் 75 வரை’ என்று வீச்சு காட்டினால் மேல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் தற்காலிக இடத்திலிருந்தாவது நேரில் ஐந்து தடவை போய்ப் பாருங்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் அளந்தால் சாலை வெறிச்சோடி இருக்கும், அந்த எண் பயன்படாது. ஐந்தில் ஒன்றாவது மழை நாளாக அமைந்தால் நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 9 மணிப் பதிவு கட்டாயம் என்றால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவது சராசரி நேரத்தை வைத்து அல்ல, மோசமான நாளை வைத்து. காரில் சராசரி 50, மோசமான நாள் 70 என்றால் தினமும் 70 நிமிடம் முன்னால் கிளம்பியாக வேண்டும். அந்த 20 நிமிடம் ஆபீஸ் வாசலில் கழிந்தாலும் அது உங்கள் நேரம்தான். 22 நாளுக்கு மாதம் 7 மணி நேரத்துக்கு மேல். ரயிலில் இப்படி முன்கூட்டி ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் அடங்கும்.


வரவுசெலவு:

தண்டவாளம் திருத்திய நேரங்களை அப்படியே எடுத்துக்கொண்டு தராசில் வைக்கிறேன்.

ஒருவர் சம்பளம் 150. மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 176 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 0.85. சாலை, ரயில் திட்டங்களை மதிப்பிடும்போது சொந்தப் பயண நேரத்துக்கு மணி வருமானத்தில் பாதியை மதிப்பாக வைப்பது வழக்கத்தில் உள்ள ஒரு முறை. அதன்படி மணிக்கு 0.43. வாரம் 3 நாள் போகிறவருக்கு மாதம் 13 நாள், மற்றவருக்கு 22.

மையம்: பயணம் மாதம் 8.7 + 55 = 63.7 மணி. அதன் மதிப்பு 27. வாடகை 100, டிக்கெட் 7 என்று கொண்டால் மொத்தம் 134.

நடு வளையம்: 19.5 + 29.3 = 48.8 மணி. மதிப்பு 21. வாடகை 72, இருவர் டிக்கெட் 9. மொத்தம் 102.

புறநகர்: 36.8 + 36.7 = 73.5 மணி. மதிப்பு 32. வாடகை 55, ரயில் 5, கார் 20. மொத்தம் 112.

டிக்கெட், கார் எண்கள் என் உத்தேசம். உங்கள் ஊரின் எண்ணைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். காருக்குக் கடன் தவணையோடு நிறுத்தாதீர்கள். காப்பீடு, எரிபொருள், சுங்கம், இரண்டு முனையிலும் பார்க்கிங், டயர், சர்வீஸ், வருடா வருடம் குறையும் வண்டியின் மதிப்பு எல்லாம் சேரும். பலர் எரிபொருளை மட்டும் எழுதிவிட்டுப் புறநகர் மலிவு என்று முடிவு கட்டுவது இங்கேதான்.

மையத்தை இதிலேயே ஒதுக்கிவிடலாம். மைய ஆபீஸுக்குப் பக்கத்தில் குடியிருந்தும் மொத்தப் பயண நேரம் குறையவில்லை, ஏனென்றால் தினமும் போகிறவர் எதிர்முனைக்குப் போகிறார். வீட்டை இரண்டு ஆபீஸுக்கும் சரிநடுவில் தேடுவதைவிட, அதிக நாள் போகிற ஆபீஸ் பக்கமாகச் சாய்த்துத் தேடுவதுதான் பலன் தரும்.

புறநகரைத் தோற்கடிப்பது நேரத்தைவிட அந்தக் கார்தான். கார் இல்லாமல் தொழிற்பேட்டைக்குப் போக வழியிருந்தால் முடிவு புரண்டுவிடும். அந்த நிறுவனம் ஊழியர் பஸ் விடுகிறதா, எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்று இன்றே மனிதவளப் பிரிவில் கேளுங்கள். 60 நிமிடத்தில் போகும் இலவச பஸ் இருந்தால்: பயணம் 36.8 + 44 = 80.8 மணி, மதிப்பு 35, வாடகை 55, ரயில் 5. மொத்தம் 95. நடு வளையத்தைவிடக் குறைவு.


அந்திநேரம்:

வரவுசெலவு போட்ட கணக்கு சரி. ஆனா மணிக்கூலியில பாதிங்கிற விலையைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். அது சராசரி மக்களுக்காகப் போட்ட விலை. 6 வயசுக் குழந்தை வீட்டுல இருக்கும்போது சாயங்காலம் 6 முதல் 8 வரைக்கும் உள்ள ஒரு மணி நேரம், பாதி விலைக்கு விக்கிற சரக்கு இல்லீங்க.

அதே கணக்குல விலையை மட்டும் மாத்திப் பாருங்க. நடு வளையத்துக்கு வாடகையும் டிக்கெட்டும் சேர்த்து 81, பயணம் 48.8 மணி. ஊழியர் பஸ்ஸோட புறநகருக்கு வாடகையும் ரயிலும் சேர்த்து 60, பயணம் 80.8 மணி. வித்தியாசம் 21க்கு 32 மணி நேரம். அதாவது ஒரு மணிக்கு 0.66. உங்க ஒரு மணி நேரம் மணிக்கூலியில முக்கால் பங்குக்கு மேல மதிப்புன்னு நினைச்சீங்கன்னா நடு வளையம், கீழேன்னா புறநகர். இந்த ஒரே கேள்வியை ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க.

புருனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்சர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில வருஷக்கணக்கா சேகரிச்ச குடும்பத் தரவை வச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2008ல வெளியிட்டாங்க. நீண்ட பயணத்துக்கு ஈடா குறைஞ்ச வாடகையோ கூடுதல் சம்பளமோ கிடைச்சிருந்தா, தூரத்துல இருந்து வர்றவங்க வாழ்க்கைத் திருப்தியும் மத்தவங்களுக்குச் சமமா இருந்திருக்கணும். ஆனா பயண நேரம் கூடக்கூட திருப்தி குறைஞ்சுதான் இருந்துச்சு. ஈடு முழுசாக் கிடைக்கலைன்னு அர்த்தம். வீட்டோட கூடுதல் அறை கண்ணுக்குத் தெரியுது, பயணம் தெரியறதில்லை, அதனால முடிவெடுக்கிற நாள்ல நாம பயணத்தைக் குறைச்சு மதிப்பிடுறோம்.

குழந்தை விஷயத்துல சராசரி உதவாது, மூணு தனிக் கேள்வி இருக்கு. டே கேர் மூடுற நேரம் என்ன, மோசமான நாள்லகூட யாராவது ஒருத்தர் அதுக்கு 15 நிமிஷம் முன்னாடி வந்து சேர முடியுமா? குழந்தைக்குக் காய்ச்சல்னு மதியம் போன் வந்தா யார் எவ்வளவு நேரத்துல வருவாங்க? தொழிற்பேட்டைக்காரர் ஊழியர் பஸ்ஸை நம்பி இருந்தா நடுப்பகல்ல அந்த பஸ் ஓடாது. மூணாவது, பல நாடுகள்ல அரசுப் பள்ளிச் சேர்க்கை வீட்டு முகவரியோட எல்லையை வச்சுத்தான். வீடு பிடிச்சப்புறம் பள்ளி தேடினா, தெருவுக்கு அந்தப் பக்கம்தான் நல்ல பள்ளியோட எல்லைன்னு அப்புறம் தெரிய வரும். பள்ளி எல்லை வரைபடத்தை வீட்டு விளம்பரத்துக்கு முன்னாடி திறங்க. இடையில சேர்க்க காலி இடம் இருக்கான்னு பள்ளிக்கே நேரா எழுதிக் கேளுங்க.

உட்கார்ந்து போற 45 நிமிஷமும் நின்னுக்கிட்டு ரெண்டு தடவை மாறிப் போற 45 நிமிஷமும் ஒண்ணு இல்லைங்கறதையும் சேர்த்துக்கோங்க. தடம் தொடங்குற நிலையத்துக்குப் பக்கத்துல வீடு கிடைச்சா உட்கார இடம் கிடைக்கும், அஞ்சு நிமிஷம் கூடினாலும் அது லாபம்.


புதுத்தடம்:

அனைவருக்கும் நன்றி. மனிதவளப் பிரிவில் கேட்டேன். ஊழியர் பஸ் இருக்கிறது, புறநகர் வீட்டிலிருந்து 10 நிமிட நடையில் நிறுத்தம். காலையில் ஒன்று, மாலை 6:10க்கு ஒன்று, அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல்: இரண்டு வீட்டுக்காரர்களும் இப்போதே டெபாசிட் கட்டச் சொல்கிறார்கள். வீடியோ அழைப்பில் காட்டுகிறார்கள். விட்டால் போய்விடும் என்கிறார்கள். நேரில் பார்க்காமல் கட்டலாமா?


சாவிக்கொத்து:

கட்ட வேண்டாம். முதல் நான்கு முதல் ஆறு வாரத்துக்குச் சமையலறையோடு கூடிய தற்காலிக இடம் எடுங்கள், ‘ஆ’வும் தொழிற்பேட்டையும் இருக்கும் தடத்திலேயே. மாத வாடகையைவிட விலை அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் தவறான வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டு நடுவில் முறிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடிபெயர்வுக்கு உதவித்தொகை கொடுக்கும் நிறுவனம் என்றால் இந்த வாரங்களை அவர்கள் தலையில் போட முடியுமா என்று சேரும் முன்பே கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் பலம் குறைந்துவிடும்.

மோசடி எப்படி நடக்கிறது என்றால்: வேறு விளம்பரத்திலிருந்து எடுத்த படங்கள், சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைந்த வாடகை, ‘நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும்’ என்ற கதை, திரும்பப் பெற முடியாத வழியில் பணம் கேட்பது. படங்களைப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வீடியோ அழைப்பு உண்மைதானா என்று அறிய, தெரு வாசலில் இருந்து நடக்கத் தொடங்கி வீட்டுக்குள் வரச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து வெளியே காட்டச் சொல்லி மேப்பின் தெருக் காட்சியோடு ஒப்பிடுங்கள். உரிமையாளர் பெயரைப் பொதுச் சொத்துப் பதிவேட்டிலோ வரி ரசீதிலோ சரிபார்க்கலாம். இத்தனையும் செய்தாலும், வீட்டுக்குள் கால் வைத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பின்தான் பணம்.

‘விட்டால் போய்விடும்’ என்பது முழுப் பொய் அல்ல. நெருக்கடியான சந்தையில் நல்ல வீடு ஒரே நாளில் போகும். அதற்கு மருந்து ஆவணங்களைத் தயாராக வைத்திருப்பது. வேலை நியமனக் கடிதம் (சம்பளம், சேரும் தேதி இரண்டும் இருக்க வேண்டும்), அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பள ரசீது, வங்கி அறிக்கை, முந்தைய வீட்டு உரிமையாளரின் கடிதம். எல்லாம் ஒரே கோப்பாகப் போனில் இருந்தால் வீட்டைப் பார்த்த பத்தாவது நிமிடம் அனுப்பலாம். வருமானம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பல ஊர்களில் உரிமையாளர்கள் வைக்கும் அளவு. உங்கள் 300க்கு மையத்தின் 100 விளிம்பில் நிற்கிறது, 72 வசதியாகத் தேறும். வேறு நாடு என்றால் முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது, வங்கிக் கணக்கு இல்லாமல் வீடு கிடையாது என்ற சுழலில் சிக்க நேரும். தற்காலிக இடத்தின் முகவரிக்கு நிறுவனத்திடம் கடிதம் வாங்கினால் பெரும்பாலும் அது அவிழும்.

வீட்டைப் பார்க்கும்போது: எல்லாக் குழாயையும் ஒரே சமயத்தில் திறந்து நீர் வேகத்தைப் பாருங்கள். அலமாரியின் பின்சுவரில் கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், புதிதாக ஒரே சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். உள் அறையில் போன் சிக்னல் வருகிறதா? வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் மேசை போடக் கதவுள்ள இடம் இருக்கிறதா, இணையம் எந்த நிறுவனம் தருகிறது? பகலில் பார்த்த வீட்டை இரவு 10 மணிக்குத் தெருவில் நின்று மறுபடி பாருங்கள். பகலில் தெரியாத சத்தம் அப்போது தெரியும். நிலையத்திலிருந்து வீடு வரையிலான நடையையும் அந்த நேரத்தில்தான் நடந்து பார்க்க வேண்டும்.


தண்டவாளம்:

ஊழியர் பஸ் பற்றி: மாலை ஒரே பஸ் என்பது எச்சரிக்கை மணி. 6:10ஐத் தவறவிட்டால் வீடு வர எவ்வளவு நேரம், என்ன செலவு என்று பாருங்கள். மாதம் நான்கு நாள் தாமதமாகும் என்றால் அந்த நான்கு வாடகைக் கார் கட்டணத்தையும் புறநகர்க் கணக்கில் ஏற்றுங்கள். நடு வளையத்துக்கும் புறநகருக்கும் மொத்தத்தில் உள்ள 7 வித்தியாசம் அதிலேயே கரைந்துவிடும் வாய்ப்பு அதிகம். நிறுவனம் பஸ்ஸை நிறுத்தினால் உங்களிடம் வாடகை ஒப்பந்தம் மட்டும்தான் மிஞ்சும்.


புதுத்தடம்:

புரிகிறது. மையத்தை விட்டுவிட்டோம், ‘ஆ’ பக்கம் சாய்கிறோம். கடைசியாக ஒன்று. ‘ஆ’ வீட்டுக்காரர் 12 மாத ஒப்பந்தம் கட்டாயம் என்கிறார். மைய ஆபீஸ் அடுத்த ஆண்டு இடம் மாறலாம் என்ற பேச்சும் இருக்கிறது. புரோக்கர் வேறு, பக்கத்தில் புது மெட்ரோ நிலையம் வருகிறது, அதனால் வாடகை ஏறும் என்கிறார்.


சாவிக்கொத்து:

திறக்காத நிலையத்துக்கு இன்று வாடகை கொடுக்காதீர்கள், திறப்பு தேதிகள் தள்ளிப்போவது சாதாரணம். கட்டுமானம் நடக்கும் வரை சத்தமும் தூசியும் சாலை மறிப்பும்தான் உங்களுக்கு. அதைக் காட்டியே வாடகையைக் குறைத்துப் பேசலாம்.

12 மாதம் சரி, ஆனால் ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம் என்ற ஷரத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், வேறு குடித்தனக்காரரைப் பிடித்துக் கொடுத்தால் டெபாசிட் முழுதும் திரும்பும் என்றாவது எழுதி வாங்குங்கள். வாடகை எப்போது, எத்தனை சதவீதம் ஏறும், பழுதுக்கு யார் பொறுப்பு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும். குடிபுகும் நாளில் ஒவ்வொரு அறையையும் தேதி தெரிய வீடியோ எடுத்து, அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களும் அதில் தெரிய வேண்டும்.


தண்டவாளம்:

ஆபீஸ் மாறும் என்ற பேச்சு இருப்பதால், ‘ஆ’ பகுதியிலேயே இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையத்துக்கு 10 நிமிட நடைக்குள் வேறு வீடு இருக்கிறதா என்று ஒரு வாரம் தேடிப் பாருங்கள். வாடகை 3, 4 கூடினாலும் பரவாயில்லை. ஆபீஸ் எந்தப் பக்கம் போனாலும் வீட்டை மாற்றாமல் தடத்தை மாற்றிக்கொள்ளலாம். வீடு மாறுவதற்குப் புரோக்கர், லாரி, இரட்டை வாடகை எல்லாம் சேர்த்து ஒரு 48 ஆகிறது என்று வைத்தால், ஒரு வருடத்துக்குப் பிரித்தாலே மாதம் 4 வந்துவிடும். ஒரு தடம் பராமரிப்புக்காக வார இறுதியில் நின்றாலும் இன்னொன்று ஓடும்.